விளக்குக்கு ஒன்பதாயிரம்... மாட்டுகிற கைக்கு?

திருச்செந்தூரிலிருந்து தெற்கே கடலை ஒட்டிச் சில கிலோமீட்டர் போனால் ஆலந்தலை. போன மாதம் அங்கே ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன். கல்யாணத்துக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. நண்பர் கப்பலில் வேலை பார்ப்பவர். தங்கைக்குக் கல்யாணம் என்று லீவு போட்டு வந்து, வீட்டைப் புதுப்பித்து, மாடியில் இரண்டு அறை எடுத்து, பெயின்ட் அடித்து, கடைசியாக விளக்கு மாட்டுகிற கட்டத்துக்கு வந்திருந்தார்.

ஹால் முழுக்க அட்டைப் பெட்டிகள். மேலே கடை பில். அடுத்தவர் வீட்டு பில்லைப் படிப்பது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். படித்தேன். 38,400 ரூபாய். ஹாலின் நடுவில் தொங்கப்போகும் கண்ணாடி விளக்கு மட்டும் 9,000.

திருச்செந்தூரிலிருந்து எலெக்ட்ரீஷியன் வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கூட ஒரு பையன். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து கணக்கு சொன்னார்.

"பதினெட்டு லைட்டு, ஒண்ணு நூத்தம்பது. நாலு ஃபேன், ஒண்ணு இருநூத்தம்பது. இந்தத் தொங்கு லைட்டுக்குச் சாரம் கட்டணும், அது எண்ணூறு. மொத்தம் நாலாயிரத்து ஐநூறு வருது அண்ணாச்சி."

நண்பர் முகம் சட்டென்று வாடிவிட்டது. "லைட் மாட்டுறதுக்கா? நாலு ஸ்குரூ, ரெண்டு ஒயரு... மூவாயிரம் வாங்கிக்கிடுங்க."

அரை மணி நேரம் பேரம் நடந்தது. 3,500-க்கு முடிந்தது. எலெக்ட்ரீஷியன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "கடையில ஒம்பதாயிரம் சொன்னான், மறுபேச்சு பேசாம குடுத்திய. எங்கிட்டதான் பேரம் பேசுதிய." சிரித்தார் என்பதால் அவருக்கு வலிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. அவர் சட்டைப் பையிலிருந்து இன்னொரு சீட்டை எடுத்தார். பழைய எர்த் குழாய் துருப்பிடித்துப் போய்விட்டது, புதிதாகக் குழி எடுக்க வேண்டும். பழைய ஒயரிங்கில் விளக்கு லைன்களில் எர்த் ஒயரே இல்லை, இரும்பு ஃபிட்டிங் மாட்டும் இடங்களுக்காவது பச்சை ஒயர் இழுக்க வேண்டும். மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. என்று ஒரு கருவி வைக்க வேண்டும். கருவி இரண்டாயிரத்துச் சொச்சம். கூலி, சாமான் எல்லாம் சேர்த்து எட்டாயிரம்.

நண்பர் அந்தச் சீட்டை மடித்து ஜன்னலில் வைத்தார். "இதெல்லாம் கல்யாணம் முடியட்டும், பாத்துக்கிடலாம்."

தொங்கு விளக்கு ஒன்பதாயிரம். உயிர் காக்கிற வேலை எட்டாயிரம். ஒன்பதாயிரத்துக்குக் கேள்வி இல்லை. எட்டாயிரம் ஜன்னலுக்குப் போய்விட்டது.

நண்பரை மட்டும் சொல்லி என்ன பயன்? நானும் யோக்கியன் இல்லை. இரண்டு வருடம் முன்பு சென்னையில் என் வீட்டுக் குளியலறைக் கண்ணாடிக்கு மேலே விளக்கு மாட்ட வந்தவர், "சார், இந்த லைன்ல எர்த் இல்ல, புதுசா இழுக்கணும், ஆயிரத்து இருநூறு ஆகும்" என்றார். "இருக்கிறதை வெச்சு மாட்டிட்டுப் போங்க" என்றேன். அவர் மாட்டிவிட்டுப் போனார். நான் தினமும் ஈரத் தலையோடு அந்த விளக்குக்குக் கீழே நின்றுதான் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆக, வீட்டில் விளக்கு மாட்டுகிற செலவு என்கிற இந்தச் சின்ன விஷயத்தில் எனக்கு மூன்று பேர் மேல் கோபம். முதல் கோபம் நம் மேல்.

மனித சரித்திரத்தில் வெளிச்சம் இன்றைக்கு இருப்பதுபோல மலிவாக என்றுமே இருந்ததில்லை. மெழுகுவத்தி காலத்திலிருந்து வெளிச்சத்தின் விலை எப்படி விழுந்தது என்று கணக்குப் போட்டவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் வில்லியம் நார்தாஸ். 2018-ல் நோபல் பரிசு வாங்கினாரே, அவர்தான். விலைவாசிப் புள்ளிவிவரங்கள் காட்டுவதைவிடப் பல மடங்கு வேகமாக வெளிச்சம் மலிவாகியிருக்கிறது என்று 1990-களிலேயே எழுதினார். அதற்குப் பிறகுதான் எல்.இ.டி. நம் வீட்டுக்குள் வந்தது. 60 வாட் குண்டு பல்பு கொடுத்த வெளிச்சத்தை 9 வாட்டில் கொடுத்தது. மத்திய அரசின் 'உஜாலா' திட்டத்துக்காக மொத்தமாக வாங்கிய எல்.இ.டி. பல்பின் கொள்முதல் விலை 2014 தொடக்கத்தில் 310 ரூபாய். 2016-ல் அது 38 ரூபாய்.

பல்பு மலிவு. மின்சாரச் செலவு குறைவு. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் அறிவிப்பு வந்தது. இப்படி மிச்சமான பணம் எல்லாம் எங்கே போனது? ஃபால்ஸ் சீலிங்குக்கும், அதற்குள் பொட்டுப் பொட்டாகப் பதிக்கிற விளக்குக்கும், கோவில் தேர் போலத் தொங்குகிற கண்ணாடிக்கும் போனது. மலிவாகாத ஒன்றே ஒன்று, ஏணியில் ஏறுகிற மனிதனின் கூலி. அது மட்டும் நமக்கு அநியாயமாகத் தெரிகிறது.

'நாலு ஸ்குரூ, ரெண்டு ஒயரு' என்கிறோமே, அந்த இரண்டு ஒயரின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம்.

ஒரு 9 வாட் பல்பு 230 வோல்ட்டில் எரிய எவ்வளவு கரன்ட் ஓட வேண்டும்? பள்ளிக்கூடக் கணக்குதான். ஒன்பதை 230-ஆல் வகுத்தால் சுமார் 40 மில்லி ஆம்பியர். அந்த அளவு கரன்ட் ஒரு மனிதனின் மார்பு வழியாகச் சில நொடி ஓடினால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்று போகலாம். நம் வீட்டிலேயே சின்ன விளக்கை எரிய வைக்கிற கரன்ட்டே நம்மை அணைக்கப் போதும்.

"எங்க வீட்ல எம்.சி.பி. இருக்கு சார், டக்குனு விழுந்துடும்" என்பீர்கள். விழாது. விளக்கு லைனுக்கு வைக்கிற எம்.சி.பி. பெரும்பாலும் 6 ஆம்பியர். அதாவது 6,000 மில்லி ஆம்பியர். அதைத் தாண்டினால்தான் அதற்குக் கோபம் வரும். நாற்பதோ நூறோ உங்கள் உடம்பு வழியாக ஓடினால், இன்னொரு பல்பு எரிகிறது என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்கும். எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை. உங்களை அல்ல.

உங்களைக் காப்பாற்றுவதற்கு இரண்டு காவல் உண்டு. ஒன்று, பச்சை ஒயர் என்கிற எர்த். உள்ளே ஒயர் நைந்து இரும்பு ஃபிட்டிங்கைத் தொட்டுவிட்டால், கசிகிற கரன்ட்டைப் பூமிக்குக் கொண்டு போவது அது. இரண்டு, நண்பர் ஜன்னலில் வைத்த சீட்டில் இருந்த ஆர்.சி.சி.பி. போன கரன்ட் முழுதாகத் திரும்பி வந்ததா என்று ஓயாமல் கணக்குப் பார்ப்பதுதான் அதன் வேலை. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, அது யாருடைய உடம்பு வழியாகவோ போகிறது என்று சந்தேகப்பட்டு, கண் இமைக்கும் நேரத்தில் மொத்த வீட்டையும் அணைத்துவிடும்.

கடற்கரை வீடுகளுக்கு இது இரட்டிப்பு அவசியம். உப்புக் காற்றில் இரும்பு ஸ்குரூ சீக்கிரமே துருப்பிடிக்கும், பித்தளை பச்சை பூக்கும். ஹோல்டருக்குள் உப்பும் ஈரமும் படிந்து, அதன் வழியாகக் கரன்ட் கசியும். ஆர்.சி.சி.பி. இருந்தால் அடிக்கடி விழும். "சும்மா சும்மா விழுதுய்யா" என்று எரிச்சல்பட்டு அதைக் கழற்றிவிட்டு நேராக ஒயரைக் கொடுக்கச் சொல்கிறவர்கள் உண்டு. நாய் குரைக்கிறது என்று நாயை விரட்டிவிட்டுத் தூங்குகிற மாதிரி.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் இந்தியாவில் மின்சாரம் தாக்கிச் செத்தவர்கள் 12 ஆயிரத்துக்கும் மேல். எல்லாம் வீட்டுக்குள் நடந்தது அல்ல. வயலில் செத்தவர்கள் உண்டு, கம்பத்தில் ஏறிச் செத்தவர்கள் உண்டு. ஆனாலும் ஒவ்வொரு மழைக் காலத்திலும் ஈரச் சுவரைத் தொட்ட பெண், ஸ்விட்சைப் போட்ட சிறுவன் என்று பத்திரிகையில் நாலு வரிச் செய்தி வருகிறதே, அவை வீட்டுக்குள் நடந்தவைதான்.

இரண்டாவது கோபம் விளக்கு விற்கிறவர்கள் மேல்.

முன்பு ஹோல்டர் ஒரு தடவை மாட்டினால் முப்பது வருடம் இருக்கும். பல்பு போனால் நாமே ஸ்டூல் போட்டு மாற்றிக்கொள்வோம். இன்றைக்கு வருகிற பல எல்.இ.டி. ஃபிட்டிங்குகளில் பல்பு தனியாக இல்லை. எல்லாம் ஒரே கட்டு. 'இருபத்தைந்தாயிரம் மணி நேரம்' என்று பெட்டி மேல் போட்டிருப்பார்கள். எல்.இ.டி. சில்லு தாங்கும், உள்ளே இருக்கிற டிரைவர் என்கிற சின்ன சர்க்யூட் அதற்கு முன்பே சூட்டில் வெந்து போய்விடும். ஆலந்தலை நண்பர் விளக்கு வாங்கிய மாதிரி ஒரு கடையில் நானும் கேட்டேன், "இது போச்சுன்னா உள்ள மட்டும் மாத்தலாமா?" "முழுசா புதுசு போட்டுடுங்க சார்" என்றார்கள். அப்படியென்றால் ஒவ்வொரு முறையும் எலெக்ட்ரீஷியன், ஏணி, கூலி. நாம் யாரைத் திட்டுவோம்? ஏணியில் ஏறுகிறவரை.

இது ஒன்றும் புதுசு இல்லை. 1924-ல் ஜெனிவாவில் உலகத்தின் பெரிய பல்பு கம்பெனிகள் உட்கார்ந்து, 'ஃபீபஸ்' என்ற பெயரில் ஒரு கூட்டு அமைத்தார்கள். அதற்கு முன் 1,500, 2,000 மணி நேரம் எரிந்த பல்புகளை ஆயிரம் மணி நேரத்தோடு நிறுத்தினார்கள். அதிகமாக எரியும் பல்பு செய்த கம்பெனிக்கு அபராதம்! நூறு வருடம் கழித்து யாரும் கூடிப் பேச வேண்டிய அவசியம்கூட இல்லை. கழற்ற முடியாதபடி மூடி ஒட்டிவிட்டால் போதும்.

"எலெக்ட்ரீஷியன் மட்டும் என்ன உத்தமரா? கடையில கமிஷன் வாங்குறது எங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்பீர்கள். தெரியும். சிலர் வாங்குகிறார்கள். தெரியாத வேலையைத் தெரிந்த மாதிரி செய்து ஒயரைச் சுருட்டி டேப் ஒட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். கையில் கொடுக்கிற கூலியில் ஆயிரம் குறைத்துவிட்டோம் என்று நாம் பெருமைப்படுகிறோம். அந்த ஆயிரம் கடை பில்லில் இரண்டாயிரமாகி நம்மிடமே திரும்பி வருகிறது. வேலை தெரிந்தவரும் தெரியாதவரும் ஒன்றுதான், யார் குறைத்துக் கேட்கிறாரோ அவர்தான் நல்லவர் என்று நாம் முடிவு செய்த பிறகு, வேலை தெரிந்தவர் எதற்காக இந்தத் தொழிலில் இருக்க வேண்டும்?

மூன்றாவது கோபம் அரசாங்கத்தின் மேல். டெல்லி, சென்னை இரண்டின் மேலும்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகள் உண்டு. அதற்குப் பதிலாக 2023-ல் வந்த விதிகளும் உண்டு. பழைய விளக்கை எடுத்துவிட்டு அதே இடத்தில் புது விளக்கு மாட்டுவதை யாரும் செய்யலாம். ஆனால் புதிதாக ஒரு லைன் இழுப்பது, ஒயரிங்கை மாற்றுவது என்றால், உரிமம் உள்ள ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் நேரடி மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் அந்தச் சான்றிதழ் கொடுக்க மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது. மின்கம்பியாள் உதவியாளருக்குத் தேர்வு நடக்கிறது. எல்லாம் சரி. உங்கள் வீட்டு ஒயரிங்குக்குக் கையெழுத்துப் போட்டவர் உங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்தாரா? ஞாபகப்படுத்திச் சொல்லுங்கள்.

ஏழை வீட்டுக்கு வெளிச்சம் கொடுக்கும் திட்டங்களைப் பாருங்கள். 1988-89-ல் 'குடிர் ஜோதி' வந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு விளக்கு. 2017-ல் 'சௌபாக்யா' வந்தது. இணைப்பு, மீட்டர், ஒரு பாயின்ட் ஒயரிங், ஒரு எல்.இ.டி. பல்பு. பல்பு எரிந்ததும் அதிகாரி போட்டோ எடுத்துக்கொள்கிறார், கணக்கில் ஒரு வீடு ஏறுகிறது. அந்த ஒரு பாயின்ட்டிலிருந்து நாளைக்கு ஃபேன், டி.வி., மிக்ஸி, மோட்டார் எல்லாம் கிளை பிரியுமே, அதை யார் செய்வார்கள், எந்த ஒயரில் செய்வார்கள் என்று யாரும் கேட்பதில்லை. விளக்குக்கு மானியம், மின்சாரத்துக்கு மானியம். உயிருக்கு மட்டும் சொந்தக் காசு.

அதுவும் இந்தக் கரையிடம் இப்படி நடந்துகொள்வது எனக்கு இன்னும் உறுத்துகிறது. மாநிலத்துக்கே வெளிச்சம் அனுப்பிய கரை இது. 1979-ல் தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. பிறகு ஐந்து அலகுகள், மொத்தம் 1,050 மெகாவாட். அதற்குப் பின், ஆலந்தலைக்குத் தெற்கே உடன்குடியில் 660 மெகாவாட் வீதம் இரண்டு அலகுகள் என்று திட்டம் வந்தது. அதற்காகக் கல்லாமொழியில் கடலுக்குள் நீண்ட நிலக்கரி இறங்குதளம் போட்டபோது, வலை விரிக்கிற இடம் போகிறது என்று இந்தப் பகுதி மீனவர்கள் போராடினார்கள். கடலைக் கொடுத்தவன் வீட்டுக்கு ஒரு பச்சை ஒயர் கொடுக்க அரசாங்கத்தால் முடியாதா?

எனக்குத் தெரிந்து செய்ய வேண்டியவை ரொம்பப் பெரிய விஷயங்கள் இல்லை. அரசு இணைப்பும் அரசு வீடும் கொடுக்கிற இடத்தில் எல்லாம் எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஏழை வீடுகளில் பழைய ஒயரிங்கைச் சோதித்துப் பார்க்க, சான்றிதழ் உள்ள உள்ளூர்ப் பையன்களுக்கே சம்பளம் கொடுத்து அனுப்ப வேண்டும். விளக்கு மாட்ட இவ்வளவு, ஃபேன் மாட்ட இவ்வளவு, எர்த் இழுக்க இவ்வளவு என்று நியாயமான கூலிப் பட்டியல் ஒன்று ஊர்தோறும் தொங்க வேண்டும். கேட்பவருக்கும் கூச்சம் இருக்காது, கொடுப்பவருக்கும் சந்தேகம் இருக்காது. உள்ளே மாற்ற முடியாத ஃபிட்டிங் என்றால் பெட்டி மேல் பெரிய எழுத்தில் அப்படியே போட வேண்டும்.

ஆலந்தலைக் கதையை முடிக்கவில்லையே.

நண்பரின் பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இளவயதில் தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளித்தவர். 1961-க்குப் பிறகு இந்தக் கடலில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை, சங்கு மட்டும் தொடர்ந்தது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, "அந்தப் பச்ச ஒயரும் பெட்டியும் என்ன செய்யும்? எனக்குப் புரியுத மாதிரி சொல்லுங்க" என்றார். அவர் பொறுமையாகச் சொன்னார். கேட்டு முடித்த பெரியவர் நண்பரைப் பார்த்தார்.

"ஏல, அப்போ அது நம்ம கயிறுல்லா! முங்குதவன் இடுப்புக் கயித்த மேல யாரு பிடிப்பா தெரியுமா? பொண்டாட்டிகூடப் பொறந்தவன். கூலி கம்மியா கேக்கான்னு எவன் கையிலயும் குடுக்க மாட்டோம். தங்கச்சி தாலிக்குப் பயந்து மச்சினன் கண்ணக்கூடச் சிமிட்ட மாட்டான். ஆறு நாள்ல இந்த வீட்டுக்கு மாப்பிள்ள வாரான். நீதான் அவனுக்கு மச்சினன். கயித்த ஜன்னல்ல வச்சிருக்க!"

யாரும் பேசவில்லை. நண்பர் எழுந்துபோய் ஜன்னலிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் ஏறிவிட்டன. குறைத்த ஆயிரத்தையும் சேர்த்துக் கொடுத்ததாக போனில் சொன்னார். நானும் சென்னை வந்ததும் அந்தப் பழைய எலெக்ட்ரீஷியனைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். 1,200 இப்போது 1,600 ஆகியிருந்தது. பேரம் பேசவில்லை.

நீங்கள் இன்றைக்கு ஒன்று செய்யுங்கள். வீட்டு மெயின் போர்டைத் திறந்து பாருங்கள். 'டி' என்று எழுதிய சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். அழுத்தினால் டக்கென்று வீடு இருட்டாக வேண்டும். இருட்டாகவில்லை என்றாலோ, அப்படி ஒரு பொத்தானே இல்லை என்றாலோ, புது விளக்கு வாங்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்த ஏணிக்காரரைக் கூப்பிடுங்கள். அவர் கேட்கிற கூலியைக் கொடுங்கள்.